படகு இருக்கைகள்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

சென்ற இதழில் ஃபைபர் படகுகளின் பராமரிப்பைப் பற்றி எழுதியபோது, இருக்கைகளைக் குறித்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: “படகு இருக்கையில் வெளியே தெரியும் ரெக்சின் கிழிவதற்கு முன்பே, உள்ளே இருக்கும் நூலும் ஃபோமும் பலகையும் கெட்டுவிடுகின்றன.” கட்டுரையின் மற்ற பகுதிகளைவிட அந்த ஒரு வரியைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் விடுதியில் கழிமுகத்தில் ஓட்டுவதற்கு இரண்டு ஃபைபர் படகுகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஆறு இருக்கைகள். காருக்குப் போடும் உயர்தர ரெக்சின் என்று சொன்னதை நம்பி, ஒரு குஷன் கடையில் எல்லா இருக்கைகளையும் புதிதாகத் தைத்து வாங்கினோம். பதினான்கு மாதங்கள்தான் ஆகின்றன. ரெக்சின் இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது. ஆனால் ஓரத் தையல் விட்டுப்போயிற்று, இருக்கையைத் தூக்கினால் கல்லைப் போலக் கனக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் புளித்த வாடை வருகிறது. கடைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டாரா?
— விடுதி நடத்தும் வாசகர், மாமல்லபுரம் அருகில்

பதில்: ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். கார் இருக்கை தைக்கத் தெரிந்தவர் கார் இருக்கையைத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார். அதைக் கூரையும் கண்ணாடியும் இல்லாத படகில் வைத்ததுதான் பிழை.

ஓர் இருக்கையைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பலகையில் அடித்திருக்கும் பின்களை நெம்பி எடுத்து, உறையைப் பாதி அளவு உரித்துப் பாருங்கள். பட்டறைக்கு வந்த பழைய படகு இருக்கைகளைப் பிரிக்கும்போதெல்லாம் நான் கண்டதையே நீங்களும் காண்பீர்கள். பின்கள் துருவேறி, இடுக்கியால் பிடித்தவுடன் பாதியில் ஒடியும். பலகையின் ஓரம் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். ஃபோமின் மேற்பகுதி வெளிர் மஞ்சளாகவும், கீழே இறங்க இறங்கப் பழுப்பாகவும், பலகையை ஒட்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகளோடும் இருக்கும். அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வழியும். உறையின் உள்பக்கத்துத் துணியில் பூஞ்சை படர்ந்திருக்கும். மேல்பக்க ரெக்சின் மட்டும் ஒன்றும் அறியாததுபோலப் பளபளவென்று இருக்கும்.

இவ்வளவு தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று என்றால், தையல் ஊசி போட்ட ஓட்டைகளின் வழியாகத்தான். ரெக்சின் நீர் புகாத பொருள். அதில் அங்குலத்துக்குப் பத்து ஓட்டைகள் போட்டுவிட்டால் அது நீர் புகாத பொருளாக நீடிப்பதில்லை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒருவர் இருக்கையில் உட்காரும்போது ஃபோமில் உள்ள காற்று வெளியேறுகிறது. அவர் எழுந்தவுடன் ஃபோம் கொல்லன் துருத்தியைப் போல விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. தையலோரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. மழையில் நனைந்த இருக்கையைவிட, நனைந்த பின் பத்துப் பேர் உட்கார்ந்து எழுந்த இருக்கை அதிகத் தண்ணீரைக் குடித்திருப்பது இதனால்தான்.

குடிக்கும் அளவையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். 18 அங்குலச் சதுரமும் 4 அங்குலத் தடிமனும் கொண்ட ஓர் இருக்கை ஃபோமின் கொள்ளளவு ஏறத்தாழ 21 லிட்டர். கடையில் 32 டென்சிட்டி என்று விற்கும் ஃபோம் என்பது ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ளது. அந்தக் கணக்கில் உங்கள் இருக்கையின் ஃபோம் எடை 700 கிராம் கூட இல்லை. மீதி முழுவதும் காற்றுதான். அந்தக் காற்றின் இடத்தில் கால் பங்கு தண்ணீர் ஏறினாலே 5 கிலோ கூடிவிடுகிறது. ஆறு இருக்கைகளுக்கு 30 கிலோ என்றால், காசு கொடுக்காத ஒரு சிறுவனை நீங்கள் ஒவ்வொரு சவாரிக்கும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்.

அடுத்த முறை தைக்கக் கொடுக்கும்போது, ரெக்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நூலைப் பற்றிப் பேசுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். நைலான் நூல் இழுவைக்கு வலுவானது, ஆனால் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். திறந்த வெளியில் இருக்கும் இருக்கைக்குப் பாலியஸ்டர் நூல்தான் பொருத்தம். அதிலும் இழைகள் பிரியாதபடி மேற்பூச்சு கொடுத்த தடித்த நூலாக, டெக்ஸ் 90 அளவில் வாங்கித் தரச் சொல்லுங்கள். டெஃப்ளான் வகையைச் சேர்ந்த நூல் ஒன்றும் இருக்கிறது. அதை வெயில் ஒன்றும் செய்யாது, ஆனால் விலை பல மடங்கு என்பதால் வாடகைப் படகுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நெருக்கமான தையல் வலுவான தையல் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ரெக்சினில் நெருக்கமாக ஊசி போட்டால், தபால்தலையின் ஓர ஓட்டைகளைப் போல அந்த வரிசையிலேயே அது கிழியும். ஓர் அங்குலத்துக்கு ஆறு அல்லது ஏழு தையல் போதும். கூடுமானவரை உட்காரும் பரப்பின் நடுவில் தையல் வராமல், எல்லாத் தையலும் பக்கவாட்டில் இறங்குமாறு வெட்டச் சொல்லுங்கள். கட்டம் கட்டமாகத் தைத்த அலங்காரம் நிழலில் இருக்கும் சோபாவுக்கு அழகு, மழையில் நிற்கும் படகுக்கு அது சல்லடை.

ஃபோமில் மூன்று வழிகள் உள்ளன. சாதாரண ஃபோம் தண்ணீரைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். உயிர்காப்பு மிதவை அங்கிகளுக்குள் வைப்பதைப் போன்ற மூடிய அறை கொண்ட ஃபோம் தண்ணீரைக் குடிக்காது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அதன்மேல் உட்கார்ந்தால் பலகைமேல் உட்கார்ந்ததுபோல இருக்கும். மூன்றாவது வகையில், ஃபோமின் நுண்ணறைகளுக்கு இடையே உள்ள மெல்லிய சவ்வை நீக்கிவிட்டு வெறும் வலைப்பின்னலாக விட்டுவைத்திருப்பார்கள். மேலே ஊற்றிய தண்ணீர் நின்று யோசிக்காமல் கீழே இறங்கிப் போய்விடும். எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம். கிடைக்காவிட்டால், அடியில் ஓர் அங்குலம் மூடிய அறை ஃபோமும் அதன்மேல் மூன்று அங்குலம் 40 டென்சிட்டி சாதாரண ஃபோமும் வையுங்கள். இரண்டையும் முழுவதும் பசை போட்டு ஒட்டாமல் நடுவில் இரண்டு கோடு மட்டும் ஒட்டினால், இடையில் இறங்கும் தண்ணீருக்கு வழி கிடைக்கும்.

பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். முத்திரையோடு நிறுத்திவிடாமல், அறுத்த ஓரங்களிலும் துளையிட்ட இடங்களிலும் எபாக்சி இரண்டு கோட் அடிப்பது அவசியம், ஏனென்றால் பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான். பலகையில் கட்டைவிரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளைகள் இருக்க வேண்டும். உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் காற்று போய்வரவும் வேறு வழியே கிடையாது. உறையைப் பலகையில் அடிக்கும் பின்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் இரண்டு பின்களை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்; சாதாரண இரும்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்று தோன்றினால், நம் கடற்கரை வள்ளங்களின் குறுக்குப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நாள் முழுவதும் நனைகிறது. கரையேற்றிய ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. மெத்தை வைத்த பிறகும் அந்தப் பலகையைப் போலவே காய வேண்டும் என்பதுதான் மேலே சொன்ன எல்லாவற்றின் நோக்கமும்.

கேள்வி: படகு இருக்கைக்கு ரெக்சின் கேட்டால் ஒரு கடையில் மரைன் ரெக்சின் என்கிறார்கள், இன்னொரு கடையில் பி.யு. லெதர் அதைவிட உயர்ந்தது என்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். பருத்தித் துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்த தோல் போன்ற பொருள் அது. இன்று நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பி.யு. லெதர் என்பது பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல். அது கைக்கு மென்மையாக இருக்கும், பார்வைக்கும் தோலைப் போலவே இருக்கும். ஆனால் அதில் மலிவான வகைகள் காற்றின் ஈரத்தாலேயே வேதிமாற்றம் அடைந்து செதில் செதிலாக உரியக்கூடியவை. கடலோர ஊர்களில் வாங்கி மூன்று நான்கு ஆண்டுகளில் சோபாவும் கைப்பையும் உடும்புத் தோலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயே அந்தக் கதி என்றால் படகில் சொல்ல வேண்டியதில்லை. பி.வி.சி.யே போதும், ஆனால் எல்லா பி.வி.சி.யும் ஒன்றல்ல. மரைன் வகையில் புறஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானமும், பூஞ்சையைத் தடுக்கும் மருந்தும், அழுக்கு ஒட்டாத மேற்பூச்சும் சேர்ந்திருக்கும். அடித்துணி பருத்தியாக இல்லாமல் பின்னப்பட்ட பாலியஸ்டராக இருக்கும்.

கடையில் நின்றே சிலவற்றைப் பார்த்துவிடலாம். துண்டைத் திருப்பி அடித்துணியைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினால் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருண்டு மணியாகும். பிறகு துண்டை மேல்பக்கம் வெளியே வருமாறு இறுக்கமாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து மறையாமல் நின்றால் அந்தச் சரக்கு வேண்டாம். நிறம் வெளிர் சாம்பலாகவோ சந்தன நிறமாகவோ இருக்கட்டும். கறுப்பும் அடர்நீலமும் விளம்பரப் படத்தில் நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் அரைக்கால் சட்டை போட்ட குழந்தை அதில் உட்கார்ந்தால் அலறும். வெப்பம் கூடக் கூட ரெக்சினின் ஆயுளும் குறையும்.

கேள்வி: எங்கள் படகின் ரெக்சின் வெளுத்து வறண்டுபோகாமல் இருக்க வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கிறேன். நல்ல பளபளப்பு வருகிறது. ஆனாலும் ஓராண்டில் விறைத்து வெடித்துவிட்டது. எண்ணெய் போதவில்லையா?
— படகு ஓட்டுநர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: எண்ணெய்தான் அதைக் கெடுத்தது. பி.வி.சி. தன் இயல்பில் குழாயைப் போல விறைப்பான பொருள். அதில் மென்மையாக்கும் திரவம் ஒன்றைக் கலந்துதான் மடங்கக்கூடிய ரெக்சினாக ஆக்குகிறார்கள். ஆண்டுகள் போகப் போக வெயிலில் அந்தத் திரவம் மெல்ல வெளியேறுகிறது. அது குறையக் குறைய ரெக்சின் மறுபடி குழாயின் இயல்புக்குத் திரும்பி, விறைத்து, மடிப்பில் வெடிக்கிறது. எண்ணெயும் கொழுப்பும் அந்தத் திரவத்தைக் கரைத்து வெளியே இழுப்பவை. தோலுக்கு எண்ணெய் ஊட்டலாம், ரெக்சினுக்கு ஊட்ட முடியாது. நீங்கள் கண்ட பளபளப்பு மேலே நின்ற எண்ணெயின் பளபளப்பு மட்டுமே. அதன்மேல் தூசியும் உப்பும் ஒட்டிக்கொண்டு, பயணிகளின் துணியும் கறைபட்டிருக்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், டயர் பாலிஷ் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். அவற்றின் வேகம் மட்டுமே கூடுதல். பயணிகள் தடவிக்கொண்டு வரும் வெயில் களிம்பும் கொசு விரட்டிக் களிம்பும் இந்த வகையைச் சேர்ந்தவை. குறிப்பாகக் கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற மருந்து பல பிளாஸ்டிக்குகளை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்து வருபவர் சாயும் முதுகுப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். இருக்கை நன்றாக இருக்கும்போதே அந்த இடம் மட்டும் நிறம் மாறி விறைத்திருக்கும். பயணிகளை எண்ணெய் தேய்க்காதீர்கள் என்று சொல்ல நம்மால் முடியாது. தலை படும் இடத்துக்குக் கழற்றித் துவைக்கக்கூடிய துணியுறை ஒன்றைப் போட்டுவிடலாம். நம் தாத்தாக்கள் சாய்வு நாற்காலியில் துண்டு விரித்ததும் இதற்காகத்தான்.

கேள்வி: கடலில் ஓட்டிவிட்டு வந்ததும் இருக்கைகளை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். காலையில் பார்த்தால் மழை பெய்யாமலே மறுபடி ஈரமாக இருக்கிறதே?
— வாசகர், கன்னியாகுமரி

பதில்: மழைக்காலத்தில் உங்கள் வீட்டு ஜாடியில் கல்லுப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள், இருக்கையிலும் அதுவேதான் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல்நீரில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். கடலோர இரவில் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகவே தாண்டுகிறது. ஈரத்துணியால் துடைக்கும்போது நீங்கள் உப்பை எடுப்பதைவிடப் பரப்புவதே அதிகம். தையல் ஓட்டைகளில் போய்த் தங்கும் உப்பு நூலையும் அறுக்கும், பின்களையும் அரிக்கும்.

ஆகவே துடைப்பதற்கு முன்னால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இருக்கையொன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். குடம் குடமாக ஊற்றத் தேவையில்லை. ஊற்றியவுடன், எவரும் உட்காருவதற்கு முன், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை இளஞ்சூடான தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மிருதுவான தூரிகையால் தையலோரங்களில் தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீரால் சோப்பு முழுவதும் போகக் கழுவுங்கள். வண்டி கழுவும் அழுத்தக் குழாயை இருக்கைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மேலே இருக்கும் அழுக்கை அது எடுப்பது உண்மைதான். அதே வேகத்தில் தண்ணீரை ஊசி ஓட்டை வழியாக ஃபோமுக்குள் ஏற்றிவிடும். பாத்திரம் தேய்க்கும் நாரும் வேண்டாம்; ரெக்சினின் மேற்பூச்சு மெல்லியது, அது தேய்ந்துபோனால் அதற்குப் பிறகு அழுக்கு உள்ளேயே இறங்கும்.

மீன் இரத்தம் பட்டால் குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சூடான தண்ணீர் அதை உறையவைத்துக் கறையாக்கிவிடும்.

கேள்வி: வெள்ளை இருக்கையில் பட்ட மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் இரத்தச் சிவப்பாக மாறிப் பயமுறுத்துகிறது. என்ன செய்வது?
— வாசகி, இராமேஸ்வரம்

பதில்: சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்; ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தவுடன் சிவப்பது போலத்தான். நல்ல தண்ணீரால் கழுவினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும். மிச்சமிருக்கும் கறையை வெயிலில் விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. சில நாளில் தானே வெளிறிவிடும். வெயில் படகு இருக்கைக்குச் செய்யும் நன்மை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் படகின் வெள்ளை இருக்கையில் ரோஸ் நிறத் திட்டுகள் தோன்றியிருக்கின்றன. யாரோ குங்குமம் சிந்தியதாக நினைத்தேன். எதைப் போட்டுத் தேய்த்தாலும் அவை போவதில்லை. திட்டுகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன.
— வாசகர், புதுச்சேரி

பதில்: கறை மேலே இல்லாததால்தான் தேய்த்தால் போகவில்லை. ஈரமான ஃபோமிலும் அடித்துணியிலும் வளரும் சில நுண்ணுயிரிகள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோமைசீஸ் இனத்தைச் சேர்ந்தவை, இளஞ்சிவப்புச் சாயம் ஒன்றைச் சுரக்கின்றன. தண்ணீரில் கரைவதைவிட ரெக்சினில் உள்ள மென்மையாக்கும் திரவத்தில் நன்றாகக் கரையும் சாயம் அது. ஆகவே உள்ளிருந்து ரெக்சினின் தடிமன் முழுவதையும் ஊடுருவி மேலே வந்து தெரிகிறது. அந்த உறையை மீட்க வழியில்லை என்றே சொல்வேன். அதைவிட முக்கியம், அந்தத் திட்டு தெரியும் இடத்துக்கு நேர் கீழே ஃபோம் நெடுநாளாக ஈரமாக இருக்கிறது என்பதுதான். புது உறையை வாங்கிப் பழைய ஃபோமின்மேலேயே போட்டால் சில மாதங்களில் அதே இடத்தில் அதே திட்டு வரும். ஃபோமையும் மாற்றுங்கள், பலகையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஓரங்களுக்கு எபாக்சி அடித்த பிறகே திரும்பப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் ஏரிப் படகுகளில் உப்பும் கிடையாது, கடும் வெயிலும் கிடையாது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கமாக மூடித்தான் வைக்கிறோம். இருந்தும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இருக்கை முழுவதும் கறும்புள்ளிகள்.
— வாசகர், கொடைக்கானல்

பதில்: இறுக்கமாக மூடுவதுதான் காரணம். படகுக்குள் தங்கியிருக்கும் ஈரம் பகலில் ஆவியாகி, இரவுக் குளிரில் தார்ப்பாயின் உள்பக்கத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து, மறுபடி இருக்கையின்மேலேயே சொட்டுகிறது. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே நிற்பதில்லை. பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும் ஒட்டிக்கொள்ள ஏதாவது அழுக்கும்தான். ரெக்சினை அது தின்ன வேண்டியதில்லை, மேலே படிந்திருக்கும் வியர்வையும் முறுக்குத் தூளுமே அதற்குப் போதும்.

நடுவில் ஒரு மூங்கிலோ குழாயோ வைத்துத் தார்ப்பாயைக் கூடாரம்போல உயர்த்திக் கட்டி, இரு முனைகளிலும் ஒரு சாண் திறந்து விடுங்கள். ஆவி வெளியேறும்படி நெய்த அக்ரிலிக் கான்வாஸ் உறை கிடைத்தால் இன்னும் நல்லது. நீண்ட நாள் ஓட்டமில்லாத காலத்தில் கழற்றக்கூடிய இருக்கைகளைக் கழற்றி, கூரையுள்ள இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல ஓரத்தில் நிறுத்தி இடைவெளி விட்டு வையுங்கள். படகிலேயே இருக்க வேண்டுமென்றால் அவற்றைச் சாய்த்தாவது வையுங்கள்.

வந்துவிட்ட புள்ளிகளுக்கு, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தைக் கலந்து, ஐந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவலாம். மாதம் ஒருமுறைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம். நைலான் நூலையும் பருத்தி நூலையும் அது அரிக்கும். குளியலறை கழுவும் ஆசிட், வினிகர், அம்மோனியா எதையும் அதனுடன் கலக்கவே கூடாது. ஆளையே கொல்லக்கூடிய நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: இருக்கை மெத்தையை ஆபத்தில் மிதவையாகப் பயன்படுத்தலாமா?
— மாணவர், நாகப்பட்டினம்

பதில்: கூடாது. சாதாரண ஃபோம் முதல் சில நிமிடங்கள் மிதந்து நம்பிக்கை கொடுக்கும். பிறகு தண்ணீரைக் குடித்துக்கொண்டு அமிழத் தொடங்கும். மிதவை என்று சோதித்துச் சான்று பெற்ற பொருளும் உடலில் கட்டிய மிதவை அங்கியும் மட்டுமே அதற்கு உரியவை.

கேள்வி: இருக்கையின் நடுவில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. தைத்துக்கொள்ளலாமா, முழுவதும் மாற்ற வேண்டுமா?
— வாசகர், ஏற்காடு

பதில்: தைக்காதீர்கள். கிழிந்த ரெக்சினை ஊசியால் இழுத்துத் தைத்தால் ஒரு கிழிசலின் இரு பக்கமும் இருபது ஓட்டைகள் விழும். அடுத்த சவாரியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கிழிசல் நான்கு அங்குலமாகும். முதலில் கிழிசல் வழியே விரலை விட்டு ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக ஒரு ரெக்சின் துண்டை மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிசலின் உள்பக்கமாக நுழைத்து, பி.வி.சி.க்கு உரிய வளையும் பசையால் ஒட்டி, ஓர் இரவு முழுவதும் பாரம் வைத்துவிடுங்கள். ஓரிரு பருவம் தாங்கும். மேலே ஒட்டும் டேப் ஒரு வாரத்துக்கான வைத்தியம். உரித்தால் பசை நிற்கும், பசையில் அழுக்கு நிற்கும்.

விரலில் ஈரம் பட்டாலோ, கிழிசலைச் சுற்றி ரெக்சின் விறைத்திருந்தாலோ ஒட்டி என்ன பயன்? அது கிழியவில்லை, ஆயுள் முடிந்து வெடித்திருக்கிறது. முழுவதும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பழைய உறையைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியாமல், தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எது முன்பக்கம், எது இடப்பக்கம் என்று பேனாவால் எழுதித் தையற்காரரிடம் கொடுங்கள். அளவு எடுத்து வெட்டுவதைவிட அந்தத் துண்டுகளை வைத்து வெட்டினால் உறை இருக்கையில் சுருக்கமில்லாமல் பொருந்தும். துணியும் குறைவாகவே செலவாகும்.